ஆமை முதல் செயற்கை நுண்ணறிவு வரை: பள்ளி நிரலாக்கத்தில் கருவிக்கு எவ்வளவு பங்கு?

பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் கற்பிக்க எந்தக் கருவி ஏற்றது என்ற கேள்விக்கு அறுபது வயதாகிறது. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் பேசிக் மொழியை உருவாக்கினார்கள். அறிவியல் படிக்காத மாணவருக்கும் கணினி கைவசப்பட வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அதன்பின் லோகோ வந்தது, பாஸ்கல் வந்தது, சி++, ஜாவா, ஸ்கிராட்ச், பைத்தன் என்று வரிசை நீண்டது. இப்போது, கேட்டால் நிரலையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது.

புதியது வரும்போதெல்லாம் பழையது பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டும் பெரும்பாலும் கூடவே வந்தது. பேசிக்கில் பழகியவருக்கு நல்ல நிரலாக்கம் கற்பிப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்று 1975இல் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா எழுதினார். பேசிக்கில் தொடங்கித் துறையில் தலையெடுத்த ஒரு தலைமுறையே அந்தக் கூற்றுக்கு மறுப்பாக நிற்கிறது.

இந்த விவாதம் தீராமல் இருப்பதற்கு ஒரு காரணம், அதில் வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடப்பது. கருவி பிள்ளையின் சிந்தனையை வளர்க்கிறதா என்று ஒருவர் கேட்கிறார். நிரலாக்கத்தையாவது எளிதில் கற்றுத் தருகிறதா என்பது இன்னொருவர் கேள்வி. வேலைக்கு உதவுமா என்பது பெற்றோரின் கேள்வி. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றுக்கு விடையாகக் காட்டும் பழக்கம் இத்துறையில் மிக அதிகம்.

ஆமை வரைந்த அரை அறுகோணம்

சிந்தனையை வளர்க்கும் என்ற நம்பிக்கையின் ஊற்று லோகோ. 1967இல் சீமோர் பேப்பெர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்சைக் ஆகியோர் உருவாக்கிய மொழி அது. ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றியவர் பேப்பெர்ட். பிள்ளை தன் அறிவைத் தானே கட்டி எழுப்புகிறது என்ற பியாஜேயின் கருத்துக்கு, கட்டுவதற்கு நல்ல பொருள் வேண்டும் என்ற தன் கருத்தை அவர் சேர்த்தார். கட்டளைக்கேற்ப நகர்ந்து கோடு வரையும் லோகோவின் ஆமை அந்தப் பொருள்களில் ஒன்று.

ஆமையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். 100 அடி முன்னே போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு. இதை நான்கு முறை செய்தால் சதுரம் வந்துவிடும். அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று வகுப்பில் படித்திருக்கிறது பிள்ளை. 100 அடி போ, 60 பாகை திரும்பு என்று மூன்று முறை சொல்கிறது. திரையில் முக்கோணம் இல்லை, வாய் திறந்த அரை அறுகோணம் நிற்கிறது. ஆமை திரும்பும் கோணம் உருவத்தின் உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. 120 பாகை திரும்ப வேண்டும். பிள்ளை எழுந்து நின்று தானே ஆமையாக நடந்து பார்த்தால் இது பிடிபடும். ஒரு சுற்று முடிந்து பழைய திசைக்கே வரும்போது மொத்தம் 360 பாகை திரும்பியிருப்போம் என்ற உண்மை காலுக்குத் தெரிந்துவிடுகிறது. சதுரத்தில் உள்கோணமும் வெளிக்கோணமும் ஒன்றே என்பதால், முதல் வெற்றிக்குள் இந்தப் பிழை ஒளிந்திருந்தது. தவறு தண்டனையாக இல்லாமல் துப்பாக மாறும் இந்த இடத்தைத்தான் பேப்பெர்ட் 1980இல் வெளிவந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் பெரிதும் போற்றினார். அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு உலகெங்கும் ஆசிரியர்கள் லோகோவை வகுப்புக்குள் கொண்டுவந்தனர்.

அதற்கு முதல் பெரிய எதிர்ப்பு நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியிலிருந்து வந்தது. ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் ஓராண்டு லோகோ பயின்ற பிள்ளைகளிடம், வகுப்பறை வேலைகளை எந்த வரிசையில் செய்தால் நடை மிச்சமாகும் என்று திட்டமிடச் சொன்னார்கள். கரும்பலகை துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள்தான். லோகோ பயிலாதவர்களைவிட இவர்கள் சிறப்பாகத் திட்டமிடவில்லை.

1987இல் பேப்பெர்ட் பதில் எழுதினார். மரம் நல்ல வீட்டைத் தருமா என்று யாரும் கேட்பதில்லை. தச்சரைப் பற்றியும் வரைபடத்தைப் பற்றியும் கேட்போம். அதுபோல லோகோ என்ன செய்யும் என்ற கேள்வியே தவறு, அதைச் சுற்றி வளரும் பண்பாடே விளைவைத் தருகிறது என்பது அவர் வாதம். வலிமையான வாதம்தான், ஆனால் அதற்குள் ஒரு பலவீனமும் இருக்கிறது. பயன் தெரிந்தால் லோகோவுக்குப் பெருமை, தெரியாவிட்டால் பண்பாடு போதவில்லை என்று சொல்லிவிட முடிந்தால், எந்தச் சோதனையும் அந்தக் கூற்றைத் தொட முடியாது. ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு வாங்கித் தர வேண்டிய ஓர் அரசுக்கு, பண்பாட்டைப் பெட்டியில் போட்டு அனுப்ப வழியில்லை.

இந்த இழுபறியை ஓரளவு அவிழ்த்தது டேவிட் கிளாரும் ஷாரன் கார்வரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு. லோகோவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்காமல், பிழை தேடும் முறையை அவர்கள் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தார்கள். நடந்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, வேறுபாடு நிரலின் எந்தப் பகுதியிலிருந்து வந்திருக்கலாம் என்று கேட்கப் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் கணினியே இல்லாத வழிகாட்டுக் குறிப்புகளிலும் பிழையை விரைவாகக் கண்டுபிடித்தார்கள். திறன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனது, கற்றுக்கொடுத்ததால் போனது.

பின்னாளில் ரோனி ஷேரரும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் 105 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நிரலாக்கம் கற்பதால் பிற திறன்களுக்கும் மிதமான பயன் தெரிந்தது. நிரலாக்கத்துக்கு நெருங்கிய பணிகளில் பயன் கூடுதல், தொலைவான திறன்களில் குறைவு. ஒப்பீட்டுக் குழுவுக்கும் வேறு ஏதாவது நல்ல பயிற்சி கொடுத்திருந்த ஆய்வுகளில் பயன் மேலும் சுருங்கியது. இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பள்ளியின் நேரம் ஒன்றுதான் என்பதால், நிரலாக்கத்தை எதனோடும் ஒப்பிடாமல் மதிப்பிடுவது சரியாகாது.

காத்திருக்கும் ‘ஆனால்’

கருவிகளைத் தாண்டித் தொடரும் ஒரு சிக்கலையும் ராய் பீதான் 1986இல் விரிவாக எழுதினார். உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சிறு நிரலைக் காட்டினார்கள். தமிழில் அதன் சாரம் இப்படி வரும்: முதல் வரி, அளவு 10 ஆனால் ‘வணக்கம்’ அச்சிடு. அடுத்த வரிகள், அளவை 1 முதல் 10 வரை ஒவ்வொன்றாகக் கூட்டி அச்சிடு. இதை இயக்கினால் என்ன வரும்?

கணினி முதல் வரியை ஒருமுறை பார்க்கிறது. அப்போது அளவு 10 இல்லை. அந்த வரியைக் கடந்துவிடுகிறது, திரும்பிப் பார்ப்பதில்லை. ‘வணக்கம்’ வராது. ஆனால் அளவு 10ஐத் தொட்டதும் ‘வணக்கம்’ அச்சாகும் என்று பலர் சொன்னார்கள். முதல் வரி எங்கோ விழித்துக்கொண்டு காத்திருப்பதாக அவர்கள் எண்ணினார்கள். கணினிக்குள் நம் எண்ணத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம் இருக்கிறது என்ற மறைவான நம்பிக்கையே இத்தகைய பிழைகளின் வேர் என்றார் பீ.

தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்தப் பிழை இன்னும் இயல்பானது என்பது என் கணிப்பு. மழை வந்தால் துணியை எடு என்று அம்மா காலையில் சொன்னால் அந்தச் சொல் மாலைவரை உயிரோடு இருக்கும். நம் ‘-ஆல்’ விகுதி காத்திருக்கச் சொல்கிறது. ‘அளவு 10 ஆனால்’ என்பதில் ‘10 ஆக இருந்தால்’ என்ற பொருளைவிட ‘10 ஆகும்போது’ என்பதே காதில் முதலில் விழுகிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி, நிபந்தனைக்கு ‘ஆனால்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. அச்சிடுவதற்கு ‘பதிப்பி’, மதிப்பைத் திருப்பித் தர ‘பின்கொடு’. இச்சொற்கள் வாயில் இனிமையாக வருகின்றன. ஆயினும் சொல் பழக்கமானது என்பதாலேயே அதன் அன்றாடப் பொருளும் உடன் வரும். ஆங்கிலத்தில் தொடங்கும் பிள்ளைக்குச் சொல்லே புதிர், தமிழில் தொடங்கும் பிள்ளைக்குச் சொல் தெரிந்ததால் வரும் மயக்கம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். இயந்திரம் எந்த நேரத்தில் எந்த வரியில் நிற்கிறது, மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று தாளில் வரிவரியாக எழுதிப் பார்க்க வேண்டும்.

தாய்மொழிக் கட்டளைகளின் பயனுக்குச் சான்று இல்லாமலும் இல்லை. சயமிந்து தாஸ்குப்தா, பெஞ்சமின் மாகோ ஹில் இருவரும் 2017இல் ஸ்கிராட்ச் பயனர்களின் தரவை ஆராய்ந்தார்கள். தம் நாட்டு மொழியில் கட்டளைகளைக் கண்ட புதியவர்கள், ஆங்கிலத்தில் கண்டவர்களைவிட வேகமாகப் புதிய கருத்துகளைத் தம் நிரல்களில் கையாளத் தொடங்கியிருந்தனர். அது தாமாக விரும்பி வந்து பழகியவர்களின் தரவு. வகுப்பில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கும் அப்படியே பொருந்துமா என்று சொல்ல முடியாது.

தமிழில் கலைச்சொற்களின் நிலையும் இங்கே கணக்கில் வருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘நிரலாக்கம்’ என்கிறது, இலங்கைப் பாடநூல் ‘செய்நிரலாக்கம்’ என்கிறது. ‘மாறி’, ‘மடக்கு’, ‘செயற்கூறு’ என்று தமிழில் படித்த பிள்ளை, திரையில் வரும் பிழைச் செய்தியை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டியிருக்கிறது.

கட்டைகளும் வரிகளும்

எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007இல் ஸ்கிராட்சை வெளியிட்டது. லோகோவின் நேர் வாரிசு அது. கட்டளைகள் ஒன்றோடொன்று பொருந்தும் வண்ணக் கட்டைகளாக வருவதால், அரைப்புள்ளி விட்டுப்போனதற்காகப் பிள்ளை அரைமணி நேரம் தேட வேண்டியதில்லை. பெரிய விடுதலைதான் அது.

அந்த விடுதலை எவ்வளவு தூரம் கூட வருகிறது என்பதுதான் கேள்வி. இஸ்ரேலில் மீர்பாம்-சலாண்ட், அர்மோனி, பென்-ஆரி மூவரும் 2011இல் ஒரு கவலையைப் பதிவு செய்தார்கள். ஸ்கிராட்ச் பழகிய மாணவர்கள் முழுத் தீர்வை யோசிக்காமல் கையில் கிடைத்த கட்டைகளை ஒட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரே வேலையைத் துண்டு துண்டான பல நிரல்களாகச் சிதறடிக்கிறார்கள் என்றார்கள். அதே குழு 2015இல் எழுதியது வேறு தொனியில் இருந்தது. ஸ்கிராட்ச் கற்றுவிட்டு எழுத்துவழி மொழிக்கு வந்தவர்கள் புதிய பாடங்களைக் குறைந்த நேரத்தில், குறைந்த சிரமத்தில் புரிந்துகொண்டனர். ஆனாலும் ஆண்டு இறுதியில் மடக்கு (கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் அமைப்பு) தவிர மற்ற பகுதிகளில் மதிப்பெண் வேறுபாடு பெரிதாக இல்லை.

அமெரிக்காவில் டேவிட் வெயின்ட்ராப்பும் யூரி விலென்ஸ்கியும் கண்டதும் இதற்கு அண்மையில் இருக்கிறது. ஐந்து வாரம் கட்டைகளில் படித்தவர்கள், எழுத்துவழியில் படித்தவர்களை முந்தினர், அவர்களுக்கு ஆர்வமும் கூடியது. அதன்பின் எல்லாரும் பத்து வாரம் ஜாவா படித்தார்கள். முடிவில் இரு குழுவும் ஒரே நிலையில் இருந்தன.

இதிலிருந்து கட்டைகளால் பயனில்லை என்று முடிவு கட்டுவது அவசரம். முதல் மாதத்திலேயே மனம் தளர்ந்து வெளியேறும் பிள்ளைக்கு அந்த ஐந்து வாரமே எல்லாம். மறுபுறம், கட்டைகள் எழுத்துப்பிழையைத் தடுக்குமே தவிர, காத்திருக்கும் ‘ஆனால்’ பிழையைத் தடுப்பதில்லை. பூனை சுவரைத் தொட்டால் திரும்பு என்ற கட்டையை ‘எப்போதும்’ என்ற மடக்குக்குள் வைக்க மறந்து, பூனை சுவரில் முட்டி நிற்பதைப் பார்த்துத் திகைப்பது ஸ்கிராட்ச் கற்பவர் பலருக்கும் நேர்வது. போதாததற்கு, பச்சைக் கொடியை அழுத்தும்போது என்பது போன்ற நிகழ்வுக் கட்டைகள் ஸ்கிராட்சில் உண்மையாகவே காத்திருக்கின்றன. காத்திருக்கும் கட்டையும் கடந்துபோகும் கட்டையும் ஒரே திரையில் அருகருகே கிடக்கின்றன. அந்த வேறுபாட்டைச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும்.

இங்கிலாந்தில் ஸ்கிராட்சை வைத்துக் கணிதம் கற்பித்த திட்டத்தின் மதிப்பீடு 2018இல் வந்தது. கணினிச் சிந்தனைத் தேர்வில் முன்னேற்றம் இருந்தது, கணிதப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. பேங்க் ஸ்ட்ரீட் முடிவுக்கு முப்பது ஆண்டுக்குப் பிறகு வந்த எதிரொலி போல அது இருக்கிறது.

தேர்வுத்தாள் தேர்ந்தெடுக்கும் மொழி

வேலை உலகில் எது புழங்குகிறதோ அதையே கற்பிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு அமெரிக்காவில் பள்ளி மாணவர் எழுதும் முன்னேற்ற நிலைத் (ஏ.பி.) தேர்வு நல்ல எடுத்துக்காட்டு. 1984இல் பாஸ்கலில் தொடங்கிய அந்தக் கணினி அறிவியல் தேர்வு 1999இல் சி++க்கும், 2003-04இல் ஜாவாவுக்கும் மாறியது. ஒவ்வொரு முறையும் ஆசிரியர்கள் முதலிலிருந்து படித்தார்கள். பாஸ்கலை நிக்லாஸ் விர்த் கற்பித்தலை மனத்தில் வைத்தே வடிவமைத்தார். பின்வந்த இரண்டும் தொழிலுக்காகப் பிறந்தவை. 2016-17இல் அறிமுகமான இன்னொரு பாடம் வேறு வழியைத் தேடியது. மொழியை ஆசிரியரே தேர்ந்துகொள்ளலாம், எழுத்துத் தேர்வில் எந்த மொழியையும் சாராத போலிநிரல் வரும். மொழி மாறினாலும் பாடம் ஆட்டம் காணாத ஏற்பாடு அது.

தமிழ்நாட்டில் 2018-19இல் வந்த புதிய பாடத்திட்டம் பதினொன்றாம் வகுப்புக்கு சி++ஐயும், அடுத்த ஆண்டு பன்னிரண்டுக்குப் பைத்தனையும் வைத்தது. அதற்கு முன் நீண்ட காலம் பன்னிரண்டாம் வகுப்பில் ஸ்டார் ஆபீசும் சி++உம் இருந்தன. பைத்தன் வந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் வரிசையைப் பாருங்கள். சி++இல் திரையில் ஒரு ‘வணக்கம்’ வரவழைக்கத் தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டும், பெயர்வெளியைக் குறிப்பிட வேண்டும், மெயின் செயற்கூறைத் திறந்து நெளிவு அடைப்புக்குறி போட வேண்டும், கூற்று முடிந்ததும் அரைப்புள்ளி வைக்க வேண்டும். பைத்தனில் ‘பிரின்ட்’ என்று ஒரே வரி. கடினமானதை முதலில் வைத்துவிட்டு எளிதை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கியிருக்கிறோம். தொடரமைப்பின் சுமை வெறும் ரசனை சார்ந்தது இல்லை என்பதற்குச் சான்றும் உண்டு. ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக், சூசனா சீபர்ட் இருவரும் 2013இல் வெளியிட்ட சோதனையில், சி பாணித் தொடரமைப்பு கொண்ட பெர்லும் ஜாவாவும், குருட்டுவாக்கில் குறியீடுகளைத் தேர்ந்து செய்த ஒரு மொழியைவிடப் புதியவர்களுக்குக் குறிப்பிடத்தக்க அளவு எளிதாக இருக்கவில்லை.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசி அலகில் ஸ்கிராட்ச் இருக்கிறது. பொதுத்தேர்வு ஆண்டின் கடைசி அலகு எவ்வளவு நேரம் கணினி முன் நடக்கும் என்பதை ஆசிரியர்களிடம் கேட்கத் தேவையில்லை. மேல்நிலையில் 100 மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வுக்குப் போகிறது. நிரலை மனப்பாடம் செய்து தாளில் எழுத முடியும் என்ற நிலை இருக்கும்வரை, எந்தக் கருவியும் மனப்பாடப் பொருளாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. இதற்காக ஆசிரியரையோ மாணவரையோ குறை சொல்வது நியாயமில்லை; மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உழைப்பும் போகும்.

இங்கிலாந்து கற்ற பாடம்

நாடு முழுவதும் ஒரே வீச்சில் மாற்றிப் பார்த்தது இங்கிலாந்து. பள்ளிக் கணினிக் கல்வி சோர்ந்துவிட்டது என்று ராயல் சொசைட்டி 2012 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2014 செப்டம்பரில் ஐந்து வயது முதலே நிரலாக்கம் பாடத்திட்டத்தில் வந்தது. மைக்ரோ:பிட் என்ற சிறு கணினி அட்டை 2016இல் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு இலவசமாகவே போனது. 2017இல் அதே ராயல் சொசைட்டி திரும்பி வந்து பார்த்தபோது, நிலைமை இடத்துக்கு இடம் மாறுபட்டும் எளிதில் உடையக்கூடியதாகவும் இருப்பதாக எழுதியது. பாதிக்கு மேற்பட்ட பள்ளிகளில் பதினாறு வயதுத் தேர்வில் கணினி அறிவியல் இல்லை, அதை எடுத்தவர்களில் ஐவரில் ஒருவரே பெண். 8.4 கோடி பவுண்டு நிதியோடு ஆசிரியர் பயிற்சிக்கான தேசிய மையம் அமைந்தது 2018இல்தான், பாடத்திட்டம் வந்து நான்கு ஆண்டு கழித்து. பழைய தகவல் தொழில்நுட்பப் பாடத்தை நீக்கியதில், அதை விரும்பி எடுத்துவந்த பெண் பிள்ளைகள் பலர் கணினித் தேர்வுப் பக்கமே வராமல் போனதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. புதியது எதைக் கொண்டுவந்தது என்பதோடு, பழையதோடு சேர்ந்து யார் வெளியே போனார்கள் என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது.

அதே நாட்டிலிருந்து நம்பிக்கை தரும் ஓர் ஆய்வும் வந்தது. சூ சென்டன்ஸ் குழு 2019இல் வெளியிட்டது அது. மாணவர் முதலில் எழுதுவதில்லை. முடிந்த நிரலைப் பார்த்து என்ன நடக்கும் என்று ஊகிக்கிறார், இயக்குகிறார், ஆராய்கிறார், சிறிது மாற்றுகிறார், கடைசியில்தான் தனதொன்றை உருவாக்குகிறார். இப்படிப் படித்த ஏறத்தாழ 500 மாணவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட மேலாகச் செய்தனர். புதிய மென்பொருள் எதுவும் வாங்கவில்லை.

எழுதித் தரும் கருவி

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் விவாதத்தின் அச்சே நகர்ந்துவிட்டது. இதுவரை வந்த கருவிகள் நிரல் எழுதுவதை எளிதாக்கின, இது எழுதுவதையே எடுத்துக்கொள்கிறது. சான்றுகள் இன்னும் இளமையானவை, இருவேறு திசையில் இழுப்பவை. மஜீத் கசெமிதபாரும் குழுவினரும் 2023இல் 10 முதல் 17 வயதுவரையான 69 பேரிடம் செய்த ஆய்வில், உதவியோடு பைத்தன் கற்றவர்கள் கூடுதலாக முடித்தார்கள். பிறகு உதவியின்றிச் செய்தபோதும் பின்தங்கவில்லை. ஆனால் முன்னறிவு அதிகம் உள்ளவருக்கே நீடித்த பயன் கூடுதலாகக் கிடைத்தது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலை மாணவர்களிடம் கணிதத்தில் நடந்த சோதனை கடுமையான செய்தியைத் தந்தது. கட்டுப்பாடற்ற உதவியோடு பயிற்சியில் 48 சதவீதம் மேலாகச் செய்தவர்கள், உதவி நீங்கிய தேர்வில் உதவியே பெறாதவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

பீ சொன்ன மறைந்த மனம் இப்போது உண்மையிலேயே திரையில் பேசுகிறது. நம் எண்ணத்தை ஊகிக்கும் இயந்திரம் ஒரு பக்கம், சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம் மறுபக்கம். முன்னது எழுதியதைப் பின்னது இயக்குகிறது. இரண்டும் வேறு என்று பிள்ளை எப்போது, எப்படி உணர்கிறது என்பது ஆராயப்பட வேண்டிய முதல் கேள்வி என்று தோன்றுகிறது.

திறந்திருப்பவை

நிரலாக்கத்தைத் தொடங்குவதில் கருவியின் பங்கு உண்மையானது. கிடைக்கும் ஒப்பீடுகளின்படி அது முதல் சில வாரங்களில் பெரிதாகவும் பிறகு சிறிதாகவும் தெரிகிறது. கற்பிக்கும் முறைக்குக் கிடைத்துள்ள சான்று இன்னும் உறுதியாக இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில வாரங்களோ ஓராண்டோ நீடித்தவை. பத்து வயதில் ஸ்கிராட்ச் தொட்ட பிள்ளை இருபதில் எங்கே இருக்கிறது என்பதற்கு விடை மெலிது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கும் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே கருவி ஒரே பயன் தருகிறதா என்பதும் போதிய அளவு அளக்கப்படவில்லை.

தமிழ்வழி வகுப்புக்கென்று ஒரு கேள்வியை உடனே எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஆய்வகம்கூட வேண்டாம். பீயின் அந்தச் சில வரிகளை ஒரு தாளில் ‘ஆனால்’ என்றும், இன்னொரு தாளில் ‘இப்போது 10 ஆக இருக்கிறதா என்று பார், இருந்தால்’ என்றும், மூன்றாம் தாளில் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, மூன்று வகுப்புகளிடம் தனித்தனியே கொடுத்து, ‘வணக்கம்’ எப்போது வரும் என்று எழுதச் சொல்ல வேண்டும். அந்த விடைத்தாள்கள் கையில் இருந்தால், அடுத்த பாடநூல் எந்த மொழியை வைக்கலாம் என்ற பேச்சு இப்போது இருப்பதைவிட உறுதியான தரையில் நடக்கும்.